“நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது”

கேள்வி:

வணக்கம் மேடம். நான் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. பதினோரு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போது குரோம்பேட்டையில் ஒரு பழைய பிளாட் பிடித்திருக்கிறது. 2011-இல் கட்டியது, மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, 850 சதுர அடி, விலை 62 லட்சம். உரிமையாளர் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார். இங்கே இருக்கும் தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறாராம்.

வீட்டைக் காட்டியவர் ஒரு ப்ரோக்கர். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். நாலு மாதமாகச் சலிக்காமல் ஏழெட்டு வீடு காட்டினார். ஆனால் இப்போது ரொம்ப அவசரப்படுத்துகிறார். “நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது. 2 லட்சம் டோக்கன் என்கிட்ட கொடுத்துடுங்க, நான் பிடிச்சு வெச்சுடறேன்” என்கிறார். பத்திரத்தில் 47 லட்சம் போட்டுவிட்டு 15 லட்சத்தைக் கையில் கொடுத்தால் பத்திரச் செலவு குறையும், டிடிஎஸ், அதாவது விலையிலிருந்து வரி பிடித்துக் கட்டும் தொல்லையும் இருக்காது என்கிறார். வக்கீலிடம் காட்ட வேண்டாமா என்று கேட்டேன். “பேங்க்கே லோன் தருதுன்னா பத்திரம் சுத்தம்னுதானே அர்த்தம்?” என்றார். கமிஷன் 2 சதவீதம் கேட்கிறார். என் கணவரோ, தம்பியின் நம்பரை வாங்கி நேரே பேசி, ப்ரோக்கரைக் கழற்றிவிடலாம் என்கிறார். ப்ரோக்கரை நம்பலாமா மேடம்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 2 லட்சத்தை இன்றைக்குக் கொடுக்காதீர்கள். நாளைக்கும் வேண்டாம். ப்ரோக்கர் கையில் எந்த நாளிலும் வேண்டாம்.

வக்கீலாக இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் பார்த்துக் கொடுக்கிறேன். இன்னொரு பார்ட்டி இல்லாத வீடு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. சில சமயம் அந்தப் பார்ட்டி நிஜமாகவே இருப்பார், அதையும் சொல்லவேண்டும். அப்படி இருந்து அவர் வாங்கிக்கொண்டும் போனால் உங்களுக்கு ஒரு வீடு போகும், அவ்வளவுதான். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்பனைக்கு நிற்கும் பழைய பிளாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. கொடுத்த பணம் திரும்பி வராவிட்டால்தான் வேறு வீடு பார்க்கவும் வழியில்லாமல் போகும்.

இனி ப்ரோக்கர் விஷயம். நம்ம ஊரில் கல்யாணத் தரகரை எப்படி நடத்துவோம்? பையன் எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவர் வாயால்தான் நமக்குத் தெரியும். ஜாதகமும் கொண்டு வருவார், இரண்டு வீட்டையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பார். அதற்காக, பையனைப் பற்றி அக்கம்பக்கம் விசாரிக்கும் வேலையையும் அவரிடமே விட்டுவிடுவோமா? மாட்டோம். கல்யாணம் நடந்தால்தான் அவருக்குத் தட்சிணை என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுத் தரகரும் அதே கணக்குதான். பத்திரம் பதிவானால் அவருக்கு விற்பவரிடமும் காசு, உங்களிடமும் காசு. பதிவாகாவிட்டால் நாலு மாதம் வண்டிக்குப் போட்ட பெட்ரோல்கூட நஷ்டம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. “இந்த வீடு வேண்டாம்” என்று சொல்வதற்கு யாரும் அவருக்குக் கூலி கொடுப்பதில்லை.

அப்படியும் சொல்கிறவர்கள் உண்டு. நங்கநல்லூரில் ஒரு முதியவர் இருந்தார், சைக்கிளில்தான் வருவார். ஒரு தடவை என் கட்சிக்காரர் ஒருவர் தனி வீடு ஒன்றில் டோக்கன் வரைக்கும் போய்விட்டார். அன்று ராத்திரி இந்த முதியவர் எனக்குப் போன் செய்து, “அம்மா, அந்த வீட்டுக்காரரோட தங்கச்சி பாகம் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்குதாம், டீக்கடையில பேசிக்கிட்டாங்க, பார்த்துக்கோங்க” என்றார். வழக்கு அப்போது கோர்ட்டுக்கே போகவில்லை. சொத்தின் மேல் பதிவான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரிய வழியே இல்லை. எந்த வக்கீலுக்கும் கிடைக்காத தகவல் அது. அதைச் சொன்னதால் அவருக்குப் போனது அன்றைய கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்.

ஆகவே உங்கள் ப்ரோக்கரை அவருக்குத் தெரிந்த விஷயத்தில் முழுசாக நம்புங்கள். அந்தத் தெருவில் கடைசியாக எந்த பிளாட் என்ன விலைக்குப் போனது, மழைக்குத் தண்ணீர் எங்கே நிற்கும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தக் கட்டடத்தில் யார் வீட்டு ஓனர், யார் வாடகை, தம்பி பேச்சு மாறாதவரா என்று அவரைத் துருவித் துருவிக் கேளுங்கள். பேரம் பேசவும் அவரையே முன்னால் விடலாம். பத்திரம், பணம், வரி இந்த மூன்றில் மட்டும் அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதன்படி நடக்காதீர்கள்.

டோக்கனுக்கு வருகிறேன். இது நம் ஊர் வழக்கம். இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது, அதனால்தான் இதில் இவ்வளவு பேர் மாட்டுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதி தரகரிடம் 3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரர், “நான் விற்கிறதாவே இல்லையே, சும்மா விலை விசாரிக்கச் சொன்னேன்” என்றார். தரகர் அந்தப் பணத்தை வேறொரு வீட்டு அட்வான்ஸில் போட்டுச் சுழற்றிவிட்டார். தவணை தவணையாக 1.8 லட்சம் திரும்பி வந்தது. மீதி இன்னும் வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. கையில் இருந்த ஒரே ஆதாரம், “ஓகே சார்” என்று தரகர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சின்னத் தொகையாக, 25,000 அல்லது 50,000, வங்கி வழியாக உரிமையாளர் பெயரில் இருக்கும் கணக்குக்கே அனுப்புங்கள். அவர் வெளிநாட்டில் இருப்பதால் அது இங்கே அவருக்கு உள்ள என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக இருக்கும். தம்பி கணக்கு வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். வீட்டு எண், மொத்த விலை, எத்தனை நாளில் ஒப்பந்தம், வக்கீல் பார்த்துப் பத்திரத்தில் குறை சொன்னாலோ வங்கி கடன் மறுத்தாலோ முழுப் பணமும் திரும்ப வரும் என்ற வரி, இவ்வளவு இருந்தால் போதும். அந்தக் கடைசி வரியை எழுதத் தயங்கினால் அந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீடு நிலம் சம்பந்தப்பட்ட அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். உங்கள் ப்ரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது.

பெரிய அட்வான்ஸ் விற்பனை ஒப்பந்தம் எழுதிய பிறகுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். “அதெல்லாம் யாரும் பண்றதில்லைங்க, 20 ரூபாய் பேப்பர்ல எழுதிக்கலாம்” என்பார்கள். நீங்கள் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடும். அதே வீட்டைக் காட்டி வேறொருவரிடமும் அட்வான்ஸ் வாங்க நினைப்பவருக்கு அது ஒரு பூட்டு.

அடுத்தது பவர், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது 15 லட்சத்தைவிட இதுதான். “தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறாராம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ராம்’ போகும் வரை எதுவும் நகரக்கூடாது.

அசல் பவர் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், கலர் ஜெராக்ஸ் போதாது. சிங்கப்பூரில் எழுதியது என்றால் அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னாலோ கையெழுத்துப் போட்டு, அது இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். இதைப் பத்திர ஆபீஸ் பக்கம் அட்ஜுடிகேஷன் என்பார்கள். உரிமையாளர் ஊருக்கு வந்தபோது எழுதியது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். எதுவானாலும் உள்ளே இருக்கும் வாசகத்தைப் படியுங்கள். வாடகைக்கு விட, வரி கட்ட, மின் இணைப்பு மாற்ற என்று எழுதிய பவரை வைத்து விற்க முடியாது. இந்த வீட்டை விற்கலாம், ஒப்பந்தம் போடலாம், பதிவுக்கு ஆஜராகலாம் என்று தெளிவாக இருக்கவேண்டும். பணம் வாங்கும் அதிகாரம் தம்பிக்கு இருந்தாலும் அண்ணன் கணக்குக்கே அனுப்புவேன் என்று சொல்லுங்கள்.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அதோடு முடிந்தது. ரத்து செய்துவிட்டாலும் அப்படியே. அதனால்தான் பதிவின்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அந்தக் காகிதத்துக்குக் காத்திராமல் முதலிலேயே ஒரு வீடியோ கால் கேளுங்கள். அண்ணனோடு நீங்களும் உங்கள் கணவரும் பத்து நிமிடம் பேசுங்கள். விலை என்ன, ஏன் விற்கிறார், வீட்டின் மேல் கடன் இருக்கிறதா, பவரை எப்போது எழுதிக்கொடுத்தார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உரிமையாளர் கேட்கும் விலை 58 ஆக இருந்து, நடுவில் 4 லட்சம் ஏறியிருந்தால் இந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

அண்ணன் சிங்கப்பூரில் இருப்பதால் வரி விஷயமும் மாறுகிறது. உங்கள் ப்ரோக்கர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உள்ளூர்வாசியிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வீடு வாங்கினால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டவேண்டும் என்பது பரவலாகத் தெரிந்த விஷயம். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் அந்த 1 சதவீதமும் கிடையாது, 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரி விகிதத்தில் நீங்கள் பிடிக்கவேண்டும். இன்றைய விகிதம் 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள். முழு விலையின் மேல் பிடித்தால் 62 லட்சத்துக்கு 8.5 லட்சத்தைத் தாண்டும். உரிமையாளர் வருமான வரி அதிகாரியிடம் விண்ணப்பித்து, ‘இவருக்கு உண்மையான லாபம் இவ்வளவுதான், இவ்வளவு பிடித்தால் போதும்’ என்று சான்று வாங்கிக்கொடுத்தால் அந்த அளவு பிடிக்கலாம். சான்று வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும்.

“பவர் வெச்சிருக்கிற தம்பி இங்கதானே இருக்காரு, அவர் பான் நம்பரைப் போட்டு 1 பர்சன்ட் கட்டிடலாம்” என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுவது தம்பியாக இருந்தாலும் விற்பவர் அண்ணன்தான். பிடிக்காமல் விட்டால் துறை தேடி வருவது உங்கள் வீட்டுக்கு, சிங்கப்பூருக்கு அல்ல. வரியோடு வட்டியும் சேர்த்துக் கேட்பார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

47 லட்சம் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்திருப்பீர்கள், கணக்கு டீச்சர் வேறு. இருந்தாலும் எழுதுகிறேன். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் வங்கி 80 சதவீதம் வரை, அதாவது 49.6 லட்சம் வரை கடன் தரலாம். உங்கள் கைப்பணம் 12.4 லட்சம். 47-க்குப் போட்டால் கடன் 37.6 லட்சம்தான். கைப்பணம் 9.4 லட்சம், அதோடு கறுப்பாக 15 லட்சம், ஆக 24.4 லட்சம். மறுவிற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம். 15 லட்சத்தை மறைத்தால் அதில் மிச்சமாவது 1.35 லட்சம். இதற்காக 12 லட்சம் ரொக்கம் எங்கிருந்து புரட்டுவீர்கள்? நகையை வைத்தா? நாளைக்கு நீங்கள் இந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 47 என்றுதான் காட்ட முடியும். மறைத்த 15 லட்சமும் உங்கள் லாபமாகிவிடும். இன்றைய விகிதத்திலேயே அதற்கு 1.87 லட்சம் வரி. இன்று 1.35 மிச்சம் பிடித்து நாளை 1.87 கட்டுகிற கணக்கு இது. நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் அந்த 15 லட்சத்தைக் கொடுத்தேன் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லக்கூட முடியாது. இதெல்லாம் போக, விலையைக் குறைத்துக் காட்டிப் பத்திரம் போடுவதே குற்றம்.

சரி, வங்கி. “பேங்க் லோன் தருதுன்னா பத்திரம் சுத்தம்” என்பது பாதி உண்மை. நானே பல வருடம் வங்கிக்குச் சட்டக் கருத்து எழுதிக்கொடுத்தவள். அந்த அறிக்கையின் முதல் வரியில் வங்கி மேலாளர் பெயர் இருக்கும். வாங்குபவர் பெயர் நடுவில் எங்கேயோ வரும். கடன் திரும்பாவிட்டால் இந்த வீட்டை ஏலம் விட முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் இருக்கிறதா, குடியிருப்போர் சங்கத்துக்குப் பழைய பாக்கி உண்டா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. பத்திரத்தில் பின்னால் சிக்கல் வந்தாலும் தவணை கட்டுவது நீங்கள்தான். தனியாக ஒரு வக்கீலுக்குப் பத்துப் பதினைந்தாயிரம் கொடுத்துப் பாருங்கள். அவரை ப்ரோக்கர் கூட்டிவரக் கூடாது, அது ரொம்ப முக்கியம்.

வக்கீல் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பார்த்துக்கொள்வார். வில்லங்கத்தில் பழைய அடமானம் இருந்தால் அது தீர்ந்ததற்கான ரசீது பதிவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பார். நீங்கள் கவனிக்கவேண்டியது ‘மூன்றாவது மாடி’ என்ற சொல். அந்தப் பகுதி 2011-இல் பல்லாவரம் நகராட்சி. 2021-இலிருந்து தாம்பரம் மாநகராட்சி. அந்தக் காலத்தில் கீழே வண்டி நிறுத்தம், மேலே இரண்டு மாடி என்று வரைபட அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவதையும் எழுப்பிவிட்ட கட்டடங்கள் புறநகரில் நிறைய உண்டு. முத்திரையும் எண்ணும் உள்ள அனுமதி வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மாடிகளை எண்ணுங்கள். “சொத்து வரி கட்டறோம், ஈபி கனெக்‌ஷன் இருக்கு” என்பது பதில் ஆகாது. அனுமதி இல்லாத மாடிக்கும் வரி வாங்குவார்கள். “வரன்முறை பண்ணிக்கலாம்” என்பதும் இங்கே உதவாது. அனுமதி மீறிய கட்டடங்களைப் பின்னால் சரிசெய்துகொடுக்கும் அந்தத் திட்டம் 2007 ஜூலை 1-க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கானது.

இதைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனையின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். அதில் கட்டடத்தின் ஒவ்வொரு பிளாட்டும் விற்ற விவரம், ஒவ்வொன்றுக்கும் நிலத்தில் கொடுத்த பிரிபடாத பாகம், அதாவது யூடிஎஸ், சதுர அடியில் வரும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். மனை ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி என்றால் கூட்டுத்தொகை 2,400-க்கு மேல் போகக்கூடாது. போனால், இல்லாத நிலத்தை யாருக்கோ விற்றிருக்கிறார்கள். நான் பார்த்த இரண்டு மூன்று கேஸ்களில் அந்த யாரோ, கடைசி மாடிக்காரர்தான்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரெராவில் பதிவான புதிய கட்டடத்தை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட், அந்த ஆணையத்தில் தானும் பதிவு செய்திருக்கவேண்டும். அங்கே பில்டர், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. தனி ஆள் விற்கும் 2011-ஆம் வருடத்துப் பிளாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்காது. இருந்தாலும் ப்ரோக்கரிடம் பதிவு எண் உண்டா என்று கேட்டு வையுங்கள். இருந்தால் நல்லது.

உங்கள் கணவரின் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். நாலு மாதம் அலைந்து வீட்டைக் கண்டுபிடித்துக் காட்டியவர் அவர். அவர் காட்டிய வீட்டையே அவரைத் தாண்டிப் போய் வாங்குவது நியாயமில்லை. அவர் கமிஷன் கேட்டு வழக்குப் போட்டால் பதில் சொல்லவேண்டியும் வரலாம். அதைவிட நடைமுறையில் ஒன்று யோசியுங்கள். பதிவு அன்று தம்பி வராமல் போனாலோ, விலையை ஏற்றினாலோ, பழைய வாடகைக்காரர் காலி செய்ய மறுத்தாலோ, நடுவில் நின்று பேசப்போவது இவர்தான். நேரடியாகப் பேசுங்கள், ஆனால் அவர் இருக்கும்போதே பேசுங்கள். வீடியோ கால் ஏற்பாட்டைக்கூட அவரிடமே சொல்லிச் செய்யலாம். நேர்மையானவர் என்றால் உடனே செய்துகொடுப்பார். “ஓனர் ரொம்ப பிஸி, எல்லாம் தம்பிதான்” என்று மூன்று முறை தட்டிக்கழித்தால், அப்போது இந்த வீட்டையே விட்டுவிடுங்கள்.

கமிஷன் தொகையைப் பேசலாம், அதில் தப்பே இல்லை. சென்னையில் மறுவிற்பனை வீட்டுக்கு வாங்குபவரிடம் 1 சதவீதம் என்பது நான் அதிகம் பார்த்தது. 2 கேட்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கு 1 என்றால் 62,000, 2 என்றால் 1,24,000. எவ்வளவு, எப்போது என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்து சாவி கைக்கு வந்த அன்று, வங்கி வழியாக, ரசீதோடு. நாளைக்கு “என் மூலமாத்தான் இந்த வீடு வந்துச்சு” என்று இரண்டாவது தரகர் ஒருவர் வந்து நின்றால் அதை இவரே பார்த்துக்கொள்வார் என்றும் ஒரு வரி போடுங்கள். அப்படி வந்து நிற்பார்கள், சிரிக்காதீர்கள்.

இன்று சாயங்காலம் அவர் போன் செய்வார் அல்லவா? இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, வீடு பிடிச்சிருக்கு, வாங்கற எண்ணம்தான். பவர் பத்திரம், மூலப்பத்திரம், பிளான் மூணுக்கும் காப்பி அனுப்புங்க. அசலை எங்க வக்கீல் ஒரு தடவை பார்க்கணும். ஓனரோட ஒரு வீடியோ கால் போடுங்க. எல்லாம் சரியா இருந்தா அட்வான்ஸை ஓனர் அக்கவுண்ட்டுல போட்டுடறோம். பத்திரம் முழு விலைக்குத்தான். உங்க கமிஷனைப் பத்திக் கவலைப்படாதீங்க, அதை எழுதியே கொடுத்துடறோம்.” கடைசி வரியை மறக்காமல் சொல்லுங்கள். பாதி அவசரம் அதிலேயே அடங்கிவிடும்.

காகிதங்கள் வருவதற்குள், ஒரு காலை ஆறரை மணிக்கு ப்ரோக்கர் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குப் போய்வாருங்கள். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். கீழே துணி தேய்க்கும் வண்டி இருந்தால் அவரிடம், 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். அடுத்த முறை வீட்டுக்குள் போகும்போது டேப் ஒன்று எடுத்துப் போங்கள். அவர் சொன்ன 850-இல் படிக்கட்டும் லிஃப்டும் வராந்தாவும் உங்கள் பங்குக்குச் சேர்ந்திருக்கும். சுவருக்குள் அளந்தால் 650-ஐ ஒட்டித்தான் வரும் என்று நினைக்கிறேன். அளந்து, வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். 62 லட்சம் என்ற விலையை அப்புறம் பேசலாம்.